புதியன நாடலும் பழையன மீட்டலும்

ஆண்டு பிறக்குங்காலத்தில் மனிதர் பலர் தமக்கென்று சில குறிக்கோள்களை வகுத்துக்கொள்ளுதல் இக்காலத்துப் பெருவழக்காயிற்று. இதுகாறுங் காணாத ஊரொன்றைக் காண்பேன், அறியாத கலையொன்றைப் பயில்வேன், உண்ணாத உணவொன்றை உண்பேன் என்று புதியனவற்றைச் சிலர் எண்ணுகின்றனர். இளமையிற் சுவைத்துப் படித்த நூலை மீளப் படிப்பேன், பிறந்த ஊர்க் குளக்கரையை மீளக் காண்பேன் என்று பழையனவற்றைச் சிலர் எண்ணுகின்றனர். இருவகையையும் ஒருங்கே எழுதிவைப்பாரும் உளர். இஃதோர் அற்ப விஷயமன்றோ, இதனை அறநோக்கில் ஆராய்தற்கு யாதுளது என்று ஆசிரிய அன்பர்கள் வினவலாம். ஆராயத்தக்க வினாவொன்று இதனுள் அடங்கியே இருக்கின்றது. ஒருவனுடைய வாழ்நாள் அளவுட்பட்டது. அவ்வளவுட்பட்ட நாளிலே தன் சொந்த அநுபவத்தின்பொருட்டு ஒரு கூற்றை ஒதுக்கிவைத்தல் அவனுக்குத் தகுமா? தகுமாயின், புதியதற்கு எவ்வளவு, பழையதற்கு எவ்வளவு? நாடோறும் பிறர் பிள்ளைகளின் முன்னே நிற்குந் தொழிலுடைய நம்மனோர் இவ்வினாவை ஆராயாது விடுதல் முறையன்று.

இதற்கு முதலாவதாக எழுகின்ற தடை யாதெனின், குடும்பமும் பள்ளிக்கூடமுமாகிய இரண்டு பாரத்தையுஞ் சுமப்பவனுக்குக் கடமையே குறிக்கோளாக அமையும், அதற்குமேல் தன் விருப்பத்தை நாடுதல் அவாவின் பாற்படும் என்பது. அவாவை அடக்குக என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஒருவன் தன் அவாக்களுக்குத் தானே அட்டவணை எழுதலாமோ என்பர். இத்தடையைப் புறக்கணித்துப் போதல் கூடாது. ஆயினும் அவாவுக்கும் நியமத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காணல் வேண்டும். அவா ‘இன்னும்’ என்னும். நியமம் ‘இவ்வளவு’ என்னும். விரதங் காப்பவன் நாளையும் அளவையும் முன்னரே வரையறுத்துக்கொண்டு, அந்நாள் வந்தபோது மனம் விரும்பினும் விரும்பாவிடினும் அதனைச் செய்கின்றான். அதுபோல, இந்தத் தவணையில் இந்த ஒன்றைக் கற்பேன், இந்த ஒன்றை மீளப் படிப்பேன் என்று அளவிட்டுக் கொள்பவன் தன் விருப்பத்தைக் கட்டவிழ்த்து விடுகின்றானல்லன். அதற்கு ஒரு வரம்பு கட்டுகின்றான். வரம்பில்லாத வயலில் நீர் நில்லாது. வரம்பிட்ட விருப்பமே பயிருக்கு உதவும்.

அங்ஙனம் வரம்பிட்டுக் காவாவிடின் நேர்வது யாது என்பதற்கு ஒரு பெரியாருடைய சரித்திரமே சான்றாகும். உயிர்களின் பரிணாமத்தைப் பற்றி எழுதி உலகத்தின் கருத்தை மாற்றிய சாள்ஸ் டார்வின் (1809–1882) தமது முதுமையில், 1876 ஆம் ஆண்டில், தம் மக்களுக்காகத் தம் வரலாற்றை எழுதினார். இளமையில் மில்ரன், பைரன், உவேட்ஸ்வேத் முதலிய புலவர்களின் பாட்டுக்களில் தாம் பேரின்பம் அடைந்ததையும், பள்ளிப்பருவத்தில் சேக்ஸ்பியருடைய நாடகங்களிலே தோய்ந்திருந்ததையும் அதிற் கூறுகின்றார். கூறியபின், ஆண்டுகள் பல கழிந்த பிற்காலத்தில் ஒரு வரிப் பாட்டைத்தானும் படிக்கப் பொறுக்கவில்லை என்றும், சேக்ஸ்பியரை மீளப் படிக்க முயன்றபோது அது தமக்கு உவர்ப்பாயிற்று என்றும், ஓவியத்திலும் இசையிலும் இருந்த சுவையும் பெரும்பாலும் அற்றுவிட்டது என்றும் வருந்துகின்றார். மறுபடியும் வாழக் கிடைக்குமாயின், வாரத்துக்கு ஒருமுறையேனும் சிறிது கவி படிப்பதையும் சிறிது இசை கேட்பதையும் தமக்கொரு விதியாக வைத்துக்கொள்வேன் என்பது அவருடைய முடிவு.

அவர் இதனைத் தம் இன்பத்துக்கு நேர்ந்த குறைவென்று மாத்திரங் கொண்டிலர். இச்சுவைகள் அறுதல் அறிவுக்கும் ஊறு செய்யலாம், அதனினும் மிகுதியாக ஒழுக்கத்துக்கு ஊறு செய்யலாம், ஏனெனில் நெஞ்சின் உணர்ச்சிக்கூற்றை அது மெலிவிக்கின்றது என்று கருதினார். ஆராய்ச்சியிலே தம் வாழ்நாளைச் செலவிட்டு, வீண்பொழுது போக்காத ஒருவருடைய வாயிலிருந்து இச்சொல் வருதலை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். சோம்பலால் அவர் இழந்தாரல்லர்; உழைப்பினால் இழந்தார். கடமை ஒன்றே போதும் என்று கூறுவார்க்கு இதனின் மேலான விடை வேண்டுவதில்லை. பயன்படுத்தாத கருவி துருவேறுதல் போலப் பயன்படுத்தாத சுவையும் மாய்கின்றது. மாயும்போது ஓசை செய்யாமையால் உடையவன் அதனை அறியான்.

இனி நம் தொழிலை நோக்குவோம். ஒன்பதாந் தரத்துக்கு ஒரு செய்யுளை முப்பது ஆண்டு தொடர்ந்து படிப்பித்த ஓராசிரியர், ‘நான் பழைய நூலை ஆண்டுதோறும் மீட்டுகின்றேனே’ எனலாம். அது மீட்டலன்று, திரும்பச் சொல்லுதல். இரண்டற்கும் வேறுபாடு யாதெனின், திரும்பச் சொல்பவன் நின்ற இடத்திலேயே நிற்கின்றான். மீள்பவன் போய் வருகின்றான். போகாதவனுக்கு மீட்சி என்பதொன்றில்லை. செக்கிற் கட்டிய எருதும் நாளொன்றுக்குப் பல காதம் நடக்கின்றது. ஆயின் அஃது எவ்வூருக்கும் போயதுமில்லை, எவ்வூரினின்று மீண்டதுமில்லை. பாடத்தைத் திரும்பச் சொல்பவனுடைய குரலிலுள்ள வறட்சியைப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே உணர்ந்துகொள்கின்றார்கள். அவர்கள் அதனை ஆசிரியருடைய குறையென்று எண்ணுவதில்லை. அந்தச் செய்யுளே வறண்டதென்று எண்ணிவிடுகின்றார்கள். கேடு அங்கேதான் இருக்கின்றது. ஒருவருடைய மனச்சோர்வு முப்பது வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நூலின் வாயிலை அடைத்துவிடுமாயின், அதனை அவருடைய சொந்த விஷயமென்று விடுதல் எங்ஙனம்?

ஆதலாற் புதியன நாடுதல் ஆசிரியனுக்கு வேண்டற்பாலதே. அது செய்யும் முதற்பயன், அவனை மறுபடியும் மாணாக்கனாக்குதல். உத்தமதானபுரம் சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பல ஆண்டு பாடங்கேட்டு, புராணங்களையும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை முதலிய பிரபந்தங்களையும் ஐயமறக் கற்று, 1880 ஆம் ஆண்டிற் கும்பகோணங் கல்லூரியில் ஆசிரியரானார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் நியாயாதிபதி, அவர் கற்றவற்றைக் கேட்டபின், சீவகசிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டோ என்று வினவினார். அப்போது ஐயருக்கு வயது 25. கல்லூரியாசிரியர் என்னும் மதிப்பையும் மகாவித்துவானின் மாணாக்கர் என்னும் பெருமையையும் உடைய அவர், ‘யான் கற்றது போதும்’ என்று கூறி அமைந்திருக்கலாம். அவர் அங்ஙனஞ் செய்திலர். சமண நூலொன்றின் பொருளை அறிதற்பொருட்டுக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குச் சென்று, அவர்களிடம் பாலபாடங் கேட்கும் பிள்ளைபோலக் கேட்டார். ஏழாண்டு உழைப்பின்பின் 1887 இற் சிந்தாமணி அச்சில் வந்தது. 1889 இற் பத்துப்பாட்டும், 1892 இற் சிலப்பதிகாரமும், 1894 இற் புறநானூறும், 1898 இல் மணிமேகலையும் அதனைத் தொடர்ந்தன. கற்றவர் ஒருவர் தாங் கல்லாததொன்று உண்டென்று ஒப்புக்கொண்ட ஒரு நாளினாலே தமிழுலகம் அடைந்த இலாபம் இவ்வளவாகும்.

நம்மெல்லார்க்கும் அத்துணைப் பெரும்பேறு வாய்க்குமென்று யாங் கூறவில்லை. ஆயினும் மாணாக்கனாதலின் பயன் எல்லார்க்கும் உண்டு. ஐம்பது வயதுத் தமிழாசிரியர் ஒருவர் சிங்கள எழுத்துக்களைக் கற்கத் தொடங்கினாரென்று வைத்துக்கொள்வோம். வட்டம் வட்டமாய் ஒன்றோடொன்று மயங்குகின்ற அவ்வெழுத்துக்களைப் பார்த்தெழுதும்போது அவருடைய கை நடுங்கும். நேற்றுக் கற்ற எழுத்து இன்று மறந்துபோகும். தம்மினும் இளையவர் ஒருவர் அதனைத் திருத்தும்போது முகஞ் சிறிது கறுக்கும். அன்று அவர் தம் வகுப்பிற் கடைவாங்கிலிருந்து ‘ழகர ளகர’ பேதந் தெரியாது விழிக்கும் பிள்ளையை நினைப்பாராயின், அப்பிள்ளையின்மேல் அதுவரை இல்லாத ஓர் இரக்கம் அவருக்கு உண்டாகும். முப்பதாண்டுப் போதனை தராத அவ்விரக்கத்தை மூன்று மாதக் கற்றல் தந்துவிடுகின்றது. அண்டை வீட்டான் மொழியை அறிதலாகிய பயன் அதற்குமேல் வருவது.

ஆயின் புதியன நாடலுக்கு ஒரு நோயும் உண்டு. சுவையை நாடிப் புறப்பட்டவன் மெல்ல மெல்ல எண்ணிக்கையை நாடத் தொடங்குதலே அந்நோய். இக்காலத்தில் ஒருவர் நெடுந்தீவுக்குப் போகின்றார். குறிகட்டுவானிற் படகேறி இறங்குகின்றார். பவளக்கல் அடுக்கிய மதில்களின் முன்னும், பெருக்கமரத்தின் முன்னும், புற்றரையில் மேயுங் குதிரைகளின் முன்னும் நின்று கைத்தொலைபேசியிற் படம் பிடித்து, அடுத்த படகிலே திரும்பிவிடுகின்றார். அவர் நெடுந்தீவைக் கண்டாரா? கண்டதாகப் பிறர்க்குக் காட்டினார் என்பதே உண்மை. கல்லை அடுக்கி மதிலாக்கியவர் யாவர், சாந்தின்றி அது நிற்பது எங்ஙனம், வேற்றுநாட்டு மரம் இங்கே வந்தது எவ்வாறு என்று ஒரு கேள்வியேனும் அவருள்ளத்தில் எழுந்ததாயின், அவர் போனது போக்காகும். ஒரு புதிய அநுபவத்தின் மதிப்பு அதனைப்பற்றி நாம் பிறர்க்குச் சொல்லுவதில் இல்லை. அது நம்மிடத்திற் கேட்பதில் இருக்கின்றது. பொறுமையையோ பணிவையோ உழைப்பையோ கேளாத புதுமை, நாக்கின் நுனியிற் பட்டுக் கரையுஞ் சர்க்கரையை ஒக்கும்.

இனிப் பழையன மீட்டலுக்கு வருவோம். இங்கே கணக்கறிந்தார் சொல்லுந் தடையொன்றுண்டு. ஐம்பத்தைந்து வயதினன் ஒருவன் இன்னும் இருபதாண்டு கண்ணொளியோடு இருப்பானென்றும், ஆண்டுக்குப் பத்து நூல் படிப்பானென்றும் கொள்வோம். அவனுக்கு எஞ்சியிருப்பன 200 நூல்களே. அவற்றில் ஒன்றைப் பழைய நூலுக்குக் கொடுப்பின் புதிய நூலொன்று குறைகின்றது. முன்னரே உண்ட சோற்றை மீள உண்டு, உண்ணாததைக் கைவிடலாமோ என்பர். கணக்குப் பிழையன்று. ஆயினும் ஒருமுறை படித்த நூல் முற்றும் நம்முடையதாயிற்று என்னுங் கருத்தொன்று அக்கணக்கினுள்ளே ஒளிந்திருக்கின்றது. அக்கருத்தே பிழை. பாடங் கேட்கும் முறையைக் கூறவந்த நன்னூலார், இருமுறை கேட்டவனே நூலிற் பெரும்பாலும் பிழையின்றி அமைவான் என்றும், மும்முறை கேட்டவனே முறையறிந்து எடுத்துரைக்க வல்லனாவான் என்றும் வகுத்தார். ஒருமுறை கேட்டவனைப்பற்றி அவர் வாக்களித்தது ஒன்றுமில்லை. அவ்விதியைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் நாம் நமக்கு அதனை விலக்கிக்கொள்ளுதல் எந்த நியாயத்தினால்?

மேலும், மீளப் படிக்கும்போது நூல் அதுவேயாயினும் படிப்பவன் அவனல்லன். விபுலாநந்த அடிகளின் வாழ்க்கை இதனை விளக்கும். காரைதீவில் 1892 இற் பிறந்த அவர் இளமையிலே தமிழிலக்கியங் கற்றார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானார். விஞ்ஞானத்தையும் முறையாகப் பயின்று 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைத் தமிழறிஞர் பலர் அவருக்கு முன்னரும் படித்தனர். அடிகள் அதனிடத்து மீண்டும் மீண்டுஞ் சென்றார். செல்லும்போது ஒலியின் இயல்பையும் நரம்பின் நீளத்தையுங் கணக்கிட்டறியும் புதிய அறிவையும் உடன்கொண்டு சென்றார். வழக்கொழிந்துபோன யாழின் இலக்கணம் அங்ஙனந் துலங்கிற்று. பல்லாண்டு ஆராய்ச்சியின் பயனாகிய யாழ்நூல் 1947 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதத்தில் அடிகள் மறைந்தனர். புதியதைக் கல்லாதிருந்தால் பழையது அவருக்குத் திறந்திராது. பழையதனிடம் மீளாதிருந்தால் புதியது அவரிடத்தில் ஒரு பட்டமாக மாத்திரம் நின்றிருக்கும். ஒன்றற்கொன்று பகையென நாம் எண்ணிய இரண்டும் ஒன்றற்கொன்று திறவுகோலாயின.

பழையது எந்நாளும் நமக்காகக் காத்திருக்கும் என்று எண்ணுதலும் தவறு. இதனை யாழ்ப்பாணத்தார்க்கு ஒருவர் எடுத்துரைத்தல் வேண்டா. 1981 ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டு நடந்தபோது, தந்தையார் கையெழுத்திட்ட புத்தகங்களையும் பாட்டன் காலத்து ஏடுகளையும் சுமந்து செல்லக் கைகள் இல்லை. பிறகு பார்ப்போம் என்று அலமாரியில் வைத்தவற்றைப் பிறகு பார்க்கக் கிடைக்காதவர் நம்முள் எத்தனையோ பேர். 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் இணையவழி நூற்றொகுதி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படம்பிடித்துக் காத்துவருதலின், இழந்தவற்றுட் சிலவற்றை இன்று மீளப் படித்தல் கூடும். அஃது ஆறுதலே. ஆயினும் பழைய நூல் மாத்திரமோ நம்மை விட்டுப் போவது? பழைய கூத்துப் பாட்டை முழுமையாக அறிந்த அண்ணாவியாரும், ஒடியற்கூழுக்குப் பக்குவஞ் சொல்லும் ஆச்சியும், நமக்கு அரிவரி படிப்பித்த ஆசிரியரும் நூல்நிலையத்தில் அடங்குவாரல்லர். அவரிடம் மீளுதற்கு நாட்குறித்தலை விருப்பமென்று சொல்லுதலினும் கடனென்று சொல்லுதலே பொருந்தும்.

மீண்டு சென்றபின் பழையது சுவையாதாயின் என்செய்வது? அதுவும் நேரக்கூடியதே. பதினைந்து வயதிற் கண்ணீர்விட்டுப் படித்த கதை ஐம்பது வயதில் வெறுஞ் சொற்கூட்டமாகத் தோன்றலாம். அப்போது இரண்டினுள் ஒன்று நிகழ்ந்திருத்தல் வேண்டும்: நூல் சிறியதாயிருந்து நாம் வளர்ந்திருக்கலாம், நூல் பெரியதாயிருந்து நாம் டார்வினைப்போல வறண்டிருக்கலாம். எதுவென்று அறிய ஒரு வழியுண்டு. அதனை ஒரு பிள்ளையிடங் கொடுத்துப் படிக்கச் செய்து, அப்பிள்ளையின் முகத்தை நோக்குக. முகம் மலருமாயின் குறை நூலினதன்று. மலராதாயின் நன்றியோடு அந்நூலை விடைகொடுத்து அனுப்பலாம். மீளாதிருந்தால் இவ்விரண்டனுள் ஒன்றையும் அறிந்திரோம்.

அங்ஙனமாயின் எதற்கு எவ்வளவு என்பதே எஞ்சிய வினா. பழையதென்னுங் காரணத்தால் ஒன்று நன்றாகாது, இன்று தோன்றியதென்னுங் காரணத்தால் ஒன்று தீதாகாது என்னும் உண்மையை உமாபதி சிவாசாரியர் சிவப்பிரகாசத்திலே தம் நூலுக்கு முகவுரையாக வைத்தார். ஆதலின் வயதைக்கொண்டு ஒரு பக்கஞ் சாய்தல் ஆகாது. ஆனால் நம் இயல்போ வயதோடு சாய்கின்றது. இளையார் புதியதன் பக்கமே ஓடுவர். மூத்தார் பழையதன் பக்கமே இருப்பர். நியமம் என்பது இயல்பு சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இடும் முட்டாகும். ஆதலால் இளைய ஆசிரியர்க்கு யாஞ் சொல்லுவது, மீள்க என்பது; மூத்தார்க்குச் சொல்லுவது, புறப்படுக என்பது. இளையார் ஒரு நூலை மும்முறை படிக்கும் பொறுமையைப் பழகுக. மூத்தார் தமக்குத் தெரியாததொன்றை ஒருவர் கற்பிக்கக் கேட்கும் பணிவைப் பழகுக.

இதனைச் செயலிற் கொண்டுவருதற்குப் பெருந்திட்டம் வேண்டா. பெஞ்சமின் பிராங்கிளின் (1706–1790) என்னும் அமெரிக்க அறிஞர் தம் ஒழுக்கத்தைத் திருத்தும்பொருட்டுப் பதின்மூன்று குணங்களைத் தெரிந்து, ஒரு சிறு புத்தகத்தில் வரைந்து, வாரத்துக்கு ஒரு குணமாகக் கவனித்துவந்தார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடிய, ஆண்டுக்கு நான்கு சுற்றாயின. தாங் கருதிய நிறைவைத் தாம் எய்தவில்லை என்றும், எனினும் முயலாதிருந்திருப்பதினும் தாம் நல்லவராகவும் மகிழ்ச்சியுடையவராகவும் ஆனதாகவும் பின்னர் எழுதினார். அவர் ஆண்டை வாரமாகப் பகுத்தார். நமக்கோ பாடசாலை ஆண்டு மூன்று தவணையாக முன்னரே பகுக்கப்பட்டிருக்கின்றது. ஒரு தவணைக்குப் புதியது ஒன்று, பழையது ஒன்று, ஆண்டுக்கு ஆறு. இதனை மிகையென்பார் யார்? முதற்றவணையில் வானத்து நட்சத்திரங்களை இனங்காணக் கற்று, மாணவப்பருவத்திற் படித்த காவியமொன்றை மீளப் படிக்கலாம். இரண்டாந் தவணையில் மட்டக்களப்பு வாவியையோ மன்னாரையோ முன் காணாதவர் கண்டு, பழைய ஆசிரியர் ஒருவரைத் தேடிச்சென்று வணங்கலாம். மூன்றாந் தவணையில் அயல்மொழி எழுத்தைப் பயின்று, மறந்துபோன ஊர்க்கூத்தொன்றை முழு இரவும் இருந்து பார்க்கலாம்.

இதற்கு வேண்டிய கட்டளைகள் மூன்று. கடன்பட்டோ வீட்டார்க்குரியதை எடுத்தோ செய்தலாகாது. பிறர் தோளின்மேல் ஏறிப் பெறும் அநுபவம் அறத்தின் பாற்படாது. செய்துமுடியுமுன் பிறர்க்குச் சொல்லித்திரிதலாகாது. சொல்லியதனாலே செய்ததுபோன்ற நிறைவு வந்து முயற்சியை மெலிவிக்கும். தவறியதைக் குற்றமாக எண்ணி வருந்திக்கொண்டிராது, அடுத்த தவணைக்கு அதனை முதலாவதாக எழுதுதல் வேண்டும்.

ஆசிரிய அன்பர்காள்! நம்மிடம் வரும் பிள்ளை ஒவ்வொன்றும் நாம் பழகிய பழைய பாடத்தைப் புதியதாகக் காண வருகின்றது. பழையதை நேசியாதவன் அதனைக் கொடுக்க மாட்டான். புதியதைக் காணும் வியப்பை மறந்தவன் அதனை வாங்குபவனுடைய நெஞ்சை அறிய மாட்டான். இவ்விரண்டும் நம்மிடத்தில் உயிரோடிருத்தற்கு வேண்டுவது ஒரு தாளும், ஆறு வரியும், அவற்றைக் காக்கும் உறுதியுமே. அடுத்த தவணை தொடங்குமுன் அவ்வாறு வரிகளையும் எழுதிவைப்போமாக.